மேல்நோக்கிச் செல்லும் செய்தி: மூளையும் உடலும் உரையாடும் வரலாறு



மூளை ஆணையிடுகிறது, உடல் பணிகிறது. பள்ளிப் பருவத்தில் நம்மில் பெரும்பாலோர் கற்ற பாடம் இதுவே. மூளையை அரசன் என்றோம்; தலைமைச் செயலகம் என்றோம்; தொலைபேசி வந்தபின் இணைப்பகம் என்றோம்; இன்று கணினி என்கிறோம். உவமைகள் காலத்திற்கேற்ப மாறினாலும் அவற்றின் உட்பொருள் மாறவில்லை. மேலிருப்பது ஆள்வது, கீழிருப்பது கேட்பது என்பதே அவ்வுட்பொருள்.

கடந்த 30 ஆண்டுகளில் நரம்பியல் கண்டறிந்துள்ள பல உண்மைகள் இந்த உவமையோடு ஒத்துப்போவதில்லை. குடலும் இதயமும் நோயெதிர்ப்பு அணுக்களும் மூளைக்கு இடைவிடாமல் செய்தி அனுப்புகின்றன; மூளை அச்செய்திகளால் மாறுகிறது. இது புதிய செய்திபோல் தோன்றினாலும், இதற்கான அடிப்படைச் சான்று 1937ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்துவிட்டது. கண்முன் இருந்த சான்றின் முழுப்பொருளை உணர அறிவியல் உலகம் ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொண்டது? நாம் ஒன்றை எச்சொல்லால் அழைக்கிறோமோ அச்சொல்லே நம் பார்வைக்கு வேலியாகிவிடுகிறது என்பதே இவ்வுரையில் நாம் தரும் விடை. மொழியைக் கற்பிப்போரும் அறிவியலைக் கற்பிப்போரும் சேர்ந்து எண்ண வேண்டிய செய்தி இது. அதனை ஒரே ஒரு நரம்பின் வரலாற்றின் வழியே காண்போம்.

அலைந்து திரியும் நரம்பு

மூளையிலிருந்து நேரே புறப்படும் 12 இணைக் கபால நரம்புகளுள் பத்தாவது வேகஸ் நரம்பு. முகுளத்தில் தொடங்கி, கழுத்தின் இருபுறமும் இறங்கி, குரல்வளை, நுரையீரல், இதயம், இரைப்பை, கல்லீரல், குடல் எனப் பல உறுப்புகளைத் தொட்டுச் செல்கிறது. இலத்தீன் மொழியில் 'வேகஸ்' என்பதற்கு அலைந்து திரிவது என்று பொருள். நம் 'வேகம்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவைப்பது நன்று.

இந்நரம்பின் கிளையொன்றே மூளையின் ஆட்சியை நிலைநாட்டப் பழங்காலத்தில் துணைநின்றது. உணர்வுக்கும் அறிவுக்கும் இருப்பிடம் இதயமே என்றார் அரிஸ்டாட்டில். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோம் நகரில் வாழ்ந்த மருத்துவர் காலென் அதனை மறுத்தார். கத்திக்கொண்டிருந்த பன்றியின் குரல்வளைக்குச் செல்லும் நரம்பை அவர் பலர் முன்னிலையில் அறுத்துக் காட்டினார். பன்றி துடித்தது, ஆனால் குரல் நின்றுவிட்டது. மார்பிலிருந்து எழும் குரல் மார்பில் உள்ள இதயத்தின் ஆணையால் வருவதன்று, மூளையிலிருந்து வரும் நரம்பின் ஆணையால் வருவது என்பது அதனால் விளங்கிற்று. சோதனை கொடியதெனினும் முடிவு சரியானதே. அன்றே நரம்பு என்பது ஆணை செல்லும் வழி என்ற எண்ணமும் வேரூன்றியது.

ஆணையின் காலம்

19ஆம் நூற்றாண்டின் ஆய்வுகள் அவ்வெண்ணத்தை வலுப்படுத்தின. 1845இல் எர்ன்ஸ்ட் வேபர், எடுவார்ட் வேபர் என்னும் செருமானியச் சகோதரர்கள் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது இதயத் துடிப்பு தளர்ந்து, நின்றும்போயிற்று. நரம்பைத் தூண்டினால் உறுப்பு விரைந்து இயங்கும் என்று எதிர்பார்த்திருந்த காலத்தில், ஒரு நரம்பு உறுப்பை அடக்கவும் கூடும் என்பது பெரு வியப்பாக இருந்தது. பின்னர் இரசிய அறிஞர் இவான் பாவ்லோவ், இரைப்பையும் கணையமும் சுரப்பதில் வேகஸ் நரம்புக்கு உள்ள பங்கை நாய்களிடம் நிறுவினார். செரிமானம் பற்றிய அவ்வாய்வுகளுக்காகவே 1904ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்குக் கிட்டியது.

1898இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் லாங்லி உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் நரம்புகளுக்கு ஒரு பொதுப்பெயர் இட்டார். அதனையே நாம் தமிழில் தானியங்கு நரம்பு மண்டலம் என்கிறோம். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் உறுப்புகளை நோக்கி வெளிச்செல்லும் இழைகளையே முதன்மையாகக் கொண்டு அவர் அதனை வரையறுத்தார். ஆய்வுக்கு எல்லை வகுப்பது அறிஞர் கடன். ஆயினும் அவ்வரையறை பாடநூல்களில் ஏறியபோது, எதிர்த்திசையில் செல்லும் இழைகள் படத்தின் ஓரத்திற்குப் போயின.

எதிர்த்திசைச் செய்தியை எவரும் அறியாதிருந்தனர் என்று நாம் சொல்லவில்லை. நுரையீரல் விரிந்ததும் அச்செய்தி வேகஸ் வழியே மேலே சென்று மூச்சிழுப்பதை நிறுத்துகிறது என்று ஹெரிங், பிராயர் என்னும் இருவர் 1868இலேயே காட்டினர். குருதி அழுத்தமும் மூச்சும் உடலிலிருந்து மேற்செல்லும் செய்திகளால் எவ்வாறு சீராக்கப்படுகின்றன என்று விளக்கிய பெல்ஜிய அறிஞர் ஹைமன்ஸ் 1938ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசைப் பெற்றார். ஆனால் இவையெல்லாம் அனிச்சைச் செயல்கள் என்ற பிரிவில் வைக்கப்பட்டன. எண்ணம், விருப்பம், அச்சம், நோயெதிர்ப்பு ஆகியவற்றோடு இவற்றுக்குத் தொடர்பு இருக்குமா என்று கேட்டவர் மிகச் சிலரே.

குருதியில் சென்ற தூது

நரம்பே ஒரே வழி என்ற நம்பிக்கைக்கு முதல் அடி இலண்டனில் விழுந்தது. 1902இல் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரும் நாயின் சிறுகுடற் பகுதி ஒன்றின் நரம்புகளை நீக்கிவிட்டு அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். நரம்பு இல்லாத நிலையிலும் கணையம் சுரந்தது. குடற்சுவரிலிருந்து ஏதோவொரு பொருள் குருதியில் கலந்து கணையத்தை அடைகிறது என்று முடிவுசெய்து, அதற்குச் செக்ரிட்டின் என்று பெயரிட்டனர். பாவ்லோவின் ஆய்வகத்திலும் இச்சோதனை திரும்பச் செய்யப்பட்டது, முடிவு ஏற்கப்பட்டது. 1905இல் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பொதுச்சொல்லை வழங்கினார். கிளர்ந்தெழச் செய்வது என்ற பொருள்தரும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த சொல் அது. இயக்குநீர் என்னும் நம் சொல்லும் ஏறத்தாழ அதே பொருளைத் தருகிறது.

அடுத்த அடி ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் விழுந்தது. நரம்பு உறுப்பைத் தொடும் இடத்தில் செய்தி மின்சாரமாகப் பாய்கிறதா, வேதிப்பொருளாகச் சுரக்கிறதா என்பது அன்றைய வழக்கு. 1921இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டித் துடிப்பைத் தளர்த்தினார். அவ்விதயத்தில் இருந்த நீர்மத்தை மற்றோர் இதயத்திற்கு மாற்றினார். யாரும் தூண்டாத அவ்விதயமும் தளர்ந்து துடித்தது. நரம்பு ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது உறுதியாயிற்று. இச்சோதனைக்குரிய எண்ணம் கனவில் தோன்றியதென்றும், முதல் நாள் இரவு எழுதிவைத்த குறிப்பைக் காலையில் தம்மாலேயே படிக்க இயலவில்லை என்றும், மறுநாள் இரவு மீண்டும் கனவு வந்ததும் எழுந்து ஆய்வகத்திற்கு விரைந்ததாகவும் லோவி பின்னர் கூறினார். அப்பொருள் அசிட்டைல்கோலின் என்று பின்னர் உறுதிப்பட்டது. 1936இல் லோவியும் ஹென்றி டேலும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஈராண்டில் ஆஸ்திரியாவை நாட்சிகள் கைப்பற்றினர். யூதரான லோவி சிறைப்பட்டார்; பரிசுத்தொகையை அவர்கள் குறித்த வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் தூது செல்லும் முறையைத் தெளிவாக்கின. ஆனால் லோவி ஆராய்ந்ததும் மூளையிலிருந்து கீழே வரும் செய்தியையே.

எண்ணிப் பார்த்த ஈருவர்

1937இல் ஃபோலி, டுபாய் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் பூனையின் வேகஸ் நரம்பில் உள்ள இழைகளை நுண்ணோக்கியின் கீழ் வகைப்படுத்தி எண்ணினர். இழைகளுள் 65 முதல் 80 விழுக்காடு வரை உணர்விழைகள் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதாவது, ஆணை செல்லும் வழி என்று ஆண்டாண்டு காலமாக அழைக்கப்பட்ட நரம்பின் பெரும்பகுதி உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்வதாகவே இருந்தது. பத்து இழைகளை எடுத்துக்கொண்டால் ஆறேழுக்குக் குறையாமல் மேல்நோக்கிச் செல்வன.

இவ்வெண் ஆய்விதழில் வெளிவந்தது. ஆனால் நடைமுறை மாறவில்லை. 1943 முதல் சிகாகோவின் அறுவை மருத்துவர் லெஸ்டர் டிராக்ஸ்டெட் இரைப்பைப் புண்ணுக்கு வேகஸ் நரம்பை வெட்டும் சிகிச்சையை மேற்கொண்டார். அமிலம் சுரக்கச் சொல்லும் ஆணையைத் துண்டித்தால் புண் ஆறும் என்பது கருத்து. பலருக்குப் புண் ஆறியது. சிகிச்சை உலகெங்கும் பரவியது. அதேவேளை, வெட்டிய பின் இரைப்பையில் உணவு தேங்கியதால் அதற்கென வேறோர் அறுவையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தது. பெரும்பாலான புண்களுக்கு ஒரு பாக்டீரியாவே காரணம் என்பதை 1980களில் மார்ஷல், வாரன் என்னும் ஆஸ்திரேலியர் இருவர் காட்டிய பின்னர் இவ்வறுவை அரிதாகியது. ஒரு நரம்பை ஆணைக்கம்பி என்று கொண்டால் அதனை அறுப்பது எளிய முடிவாகிவிடுகிறது. அது பேச்சுவழி என்று கொண்டிருந்தால், அறுக்குமுன் வேறு எவை அறுபடும் என்ற வினா முன்னதாகவே எழுந்திருக்கும்.

அச்சம் எங்கே பிறக்கிறது

உளவியலிலும் இதே வழக்கு வேறு வடிவில் நடந்தது. 1884இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு கட்டுரையில் பொதுக்கருத்தைத் தலைகீழாக்கினார். அஞ்சுவதால் நெஞ்சு துடிக்கிறது என்பது பொதுக்கருத்து. நெஞ்சு துடிப்பது முதலான உடல் மாற்றங்களை உணர்வதே அச்சம் என்பது ஜேம்ஸின் கருத்து. 1927இல் ஆர்வர்டு உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இதனைக் கடுமையாக மறுத்தார். உள்ளுறுப்புகளின் தொடர்பைத் துண்டித்த விலங்குகளும் சினத்தையும் அச்சத்தையும் காட்டுகின்றன. காய்ச்சலிலும் நெஞ்சு துடிக்கிறது, அதனால் அச்சம் வருவதில்லை என்பன அவர் எடுத்துரைத்த காரணங்கள். அறிஞர் பலர் கேனன் பக்கம் சாய்ந்தனர்.

இவ்வழக்கிற்கு நேரடியான சோதனை 2023இல்தான் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசரோத் குழுவினர், ஒளிபட்டால் சுருங்கும்படி சுண்டெலிகளின் இதயத் தசையை மாற்றியமைத்து, மார்பின்மேல் பொருத்திய சிறு விளக்கினால் துடிப்பை நிமிடத்திற்கு 900 வரை உயர்த்தினர். இடர் இல்லாத சூழலில் விலங்குகள் பெரிதாகக் கலங்கவில்லை. இடர் தோன்றக்கூடிய சூழலிலோ அவை கூடுதலாக அஞ்சி ஒதுங்கின. மூளையில் இன்சுலா என்னும் பகுதியின் பின்புறத்தைச் செயலிழக்கச் செய்தபோது அவ்வச்சம் தணிந்தது. துடிப்பு மட்டுமே அச்சமாகாது என்பதில் கேனன் சரி. துடிப்பு அச்சத்தை வளர்க்கும் என்பதில் ஜேம்ஸ் சரி. சூழலைப் பற்றிய மூளையின் அறிவும் உடலின் செய்தியும் கூடும் இடத்தில் உணர்ச்சி பிறக்கிறது.

தமிழ் பயில்வோர்க்கு இங்கே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருவது இயல்பு. எட்டு உணர்ச்சிகளைத் தொகுத்த அவ்வியல், மெய்யின்கண் புலப்படுவது என்னும் பொருளில் அவற்றுக்கு மெய்ப்பாடு என்றே பெயர் தந்தது. நெஞ்சு பதைத்தல், குலை நடுங்குதல், வயிற்றில் புளியைக் கரைத்தல் என்னும் வழக்குகளும் உள்ளத்தை உடலின் வழியே பேசுகின்றன. இவற்றைக் காட்டி, நம் முன்னோர் நரம்பியலை அறிந்திருந்தனர் என்று முடிவுகட்டுவது பொருந்தாது. கூர்ந்த நோக்கு வேறு. சோதனையால் நிறுவிய அறிவு வேறு. ஆயினும், உடலையும் உணர்ச்சியையும் சேர்த்தே பேசும் சொற்கள் நம்மிடம் உள்ளன என்பது வகுப்பறையில் இப்பாடத்தைத் தொடங்க நல்ல வாயில்.

நோயெதிர்ப்பும் கேட்கிறது

நோயெதிர்ப்பு மண்டலம் மூளையின் துணையின்றித் தானே இயங்குவது என்பது நெடுங்காலப் பாடம். 1990களில் அதுவும் ஆட்டம் கண்டது. எலியின் வயிற்றுக்குள் அழற்சியைத் தூண்டும் புரதம் ஒன்றைச் செலுத்தினால் உடல் வெப்பம் ஏறும். வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளிடம் அவ்வெப்ப ஏற்றம் தடைப்பட்டதை லிண்டா வாட்கின்ஸ் குழுவினர் 1995இல் கண்டனர். அழற்சியின் செய்தி மூளைக்குச் செல்ல நரம்பும் ஒரு வழி என்பது இதனால் தெரிந்தது.

எதிர்த்திசை விடை 2000ஆம் ஆண்டில் வந்தது. நியூயார்க் மாநிலத்தில் கெவின் டிரேசி குழுவினர், பாக்டீரிய நச்சு செலுத்தப்பட்ட எலிகளில் வேகஸ் நரம்பைத் தூண்டியபோது அழற்சிப் புரதத்தின் அளவு குறைந்தது. குருதி அழுத்தம் வீழ்ந்து உயிருக்கு இடராகும் நிலையும் தடுக்கப்பட்டது. 2002இல் இதனை அழற்சி அனிச்சைச் செயல் என்று டிரேசி பெயரிட்டார். லோவி கண்ட அதே அசிட்டைல்கோலின் இங்கும் பங்குகொள்கிறது.

2024இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் சூக்கர் குழுவினர் இவ்வுரையாடலின் நடுவிடத்தைச் சுண்டெலியின் மூளைத்தண்டில் கண்டறிந்தனர். அங்குள்ள குறிப்பிட்ட நரம்பணுக்கள், உடலில் அழற்சி தொடங்கியதை வேகஸ் வழியே அறிகின்றன. அவற்றை அடக்கியபோது அழற்சி கட்டுமீறிப் பெருகியது, தூண்டியபோது தணிந்தது. மூளைத்தண்டு இங்கே அரசனைப்போல் ஆணையிடவில்லை. செய்தியைக் கேட்டு, அளவு கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டிச் சமன் செய்கிறது.

குடலின் கதையும் இத்தகையதே. குடற்சுவரில் உள்ள உணர்வணுக்கள் இயக்குநீரைக் குருதியில் விட்டு மெல்லச் செய்தி அனுப்புவன என்றே நெடுநாள் எண்ணினர். அவ்வணுக்களுள் சில வேகஸ் நரம்போடு நேரே இணைந்து, நொடியின் சிறு பகுதிக்குள் செய்தியைக் கடத்துகின்றன என்று டியூக் பல்கலைக்கழகத்தின் டியேகோ போஹோர்கெஸ் குழுவினர் 2018இல் காட்டினர். இனிப்புச் சுவையை நாவால் அறிய இயலாத சுண்டெலிகளும்கூடச் சில நாளில் செயற்கை இனிப்பை விட்டுச் சர்க்கரையையே நாடுகின்றன என்பதையும், குடலிலிருந்து வேகஸ் வழியே மூளைத்தண்டிற்குச் செல்லும் செய்தி அவ்விருப்பத்தை உண்டாக்குகிறது என்பதையும் சூக்கர் குழுவினர் 2020இல் நிறுவினர். விருப்பம் நாவில் மட்டும் பிறப்பதில்லை.

மருத்துவமும் எச்சரிக்கையும்

இவ்வறிவு மருத்துவமனையை எட்டியுள்ளது. கழுத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியை அமெரிக்க அரசு வலிப்பு நோய்க்கு 1997இலும், பிற சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு 2005இலும் ஏற்றது. 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில் முடக்குவாதம் உடைய 17 நோயாளிகளுக்கு இத்தகைய தூண்டல் அளிக்கப்பட்டு, அழற்சிப் புரதம் குறைந்தது. 2025இல் அமெரிக்காவில் அந்நோய்க்கும் ஒரு கருவி ஏற்கப்பட்டது. எனினும் எல்லா நோயாளிகளும் ஒரே அளவில் பயன்பெறுவதில்லை.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. நாம் கூறிய அண்மைக் கண்டுபிடிப்புகளுள் பெரும்பாலானவை சுண்டெலியிலும் எலியிலும் கண்டவை. மனிதரிடமும் அவ்வாறே நிகழும் என்பது இனி நிறுவப்பட வேண்டியது. அதற்குள்ளாகவே இந்நரம்பின் பெயரால் எல்லா நோயும் தீரும் என்னும் விளம்பரங்கள் பெருகிவிட்டன. பழைய உவமை மூளையை அரசனாக்கியது. புதிய ஆர்வம் ஒரு நரம்பை அரசனாக்கிவிடக் கூடாது.

நம் வகுப்பறைக்கு

ஒரு நரம்பின் ஏறத்தாழ 1,800 ஆண்டு வரலாற்றைப் பார்த்தோம். இதில் எந்த அறிஞரும் சோம்பியிருக்கவில்லை. வெட்டினர், தூண்டினர், எண்ணினர், எழுதினர். ஆயினும் ஆணை என்னும் சொல் அவர்தம் வினாக்களை ஒரு திசையிலேயே நிறுத்திற்று. 1937இல் வந்த எண் பொய்யென்று எவரும் மறுக்கவில்லை. அதற்கு இடந்தரும் சொல்லும் படமும் இல்லாததால் அது ஓரத்தில் கிடந்தது. செய்தி, எதிர்ச்செய்தி, உரையாடல், சமநிலை என்னும் சொற்கள் ஆய்வில் இடம்பெற்றபோது அந்த எண்ணும் பொருள் பெற்றது.

ஆகவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது எளியது. மூளையையும் உள்ளுறுப்புகளையும் கரும்பலகையில் வரையும்போது அம்புக்குறிகளை இரு திசையிலும் இடுங்கள்; மேல்நோக்கிய அம்பைத் தடித்துக் காட்டுங்கள். உவமை ஒன்றைக் கையாளும்போது அது எதை விளக்குகிறது, எதை மறைக்கிறது என்று மாணவரைக் கேளுங்கள். கலைச்சொல் ஆக்குவோர் அச்சொல் எந்த வினாவுக்கு வழிவிடும், எதற்குத் தடையாகும் என்றும் எண்ணிப் பார்க்கட்டும். தமிழில் அறிவியல் பயிலும் நம் மாணவருள் ஒருவர், எல்லாரும் படித்துக் கடந்துபோன ஓர் எண்ணின்முன் நின்று ஏன் என்று கேட்பாராயின், இவ்வுரை தன் பயனை அடைந்ததாகக் கொள்வோம்.